மின்கிதாரின் உலோக மூடியும் ஒலியின் பண்பும்

இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல் (இயற்பியல்)

நம் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்த சர் சி. வி. இராமன் ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்றவர் என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். அதற்கு முன்பே அவர் இசைக்கருவிகளை ஆராய்ந்தவர் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. 1921ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறு கட்டுரையில் அவர் வீணையையும் தம்பூராவையும் எடுத்துக்கொண்டார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு அமைந்துள்ள மேற்சுரங்கள் எழா என்பது தாமஸ் யங் கண்ட விதி. வீணையோ இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. எழக்கூடாத மேற்சுரம் அதில் தெளிவாகவே எழுகிறது. காரணம், வீணைக் குதிரையின் மேல் பதித்துள்ள வளைந்த உலோகத் தகடு. தந்தி அதிரும்போது அத்தகட்டின் வளைவை உரசி உரசி எழுவதால் மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. திருவரங்கத்தில் நம்பெருமாள் இரவில் மூலஸ்தானம் திரும்பும் வேளையில் வாசிக்கப்படும் ஏகாந்த வீணையைக் கேட்டவர்கள் அந்த நாதத்தின் செழுமையை அறிவார்கள். அச்செழுமையில் ஒரு பங்கு அந்தச் சிறு தகட்டினுடையது.

தந்தியைத் தொடும் உலோகம் நாதத்தை மாற்றுவதில் வியப்பில்லை. தந்தியைத் தொடவே தொடாத ஓர் உலோகத் தகடு நாதத்தை மாற்றுமா? மாற்றும் என்கிறார்கள் மின்கிதார் வாசிப்பவர்கள். கிதாரின் தந்திகளுக்குக் கீழே பதித்துள்ள பிக்கப்பின் மேல் பளபளவென்று ஓர் உலோக மூடி இருக்கும். அதைக் கழற்றினால் ஒலி திறந்து வரும், சத்தம் கூடும் என்று மெல்லிசைக் குழுக்களில் ஒரு நம்பிக்கை உண்டு. அழகுக்காகப் போட்டது, கழற்றினால் ஒன்றும் ஆகாது என்பாரும் உளர். இரண்டில் எது சரி என்பதை நம் பாடநூலில் உள்ள இயற்பியலைக் கொண்டே காண முடியும் என்பது என் எண்ணம்.

பிக்கப் எவ்வாறு இயங்குகிறது?

மின்கிதார் நம் ஊருக்குப் புதியதன்று. பொன்மலை ரயில்வே குடியிருப்பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும், தேவாலயப் பாடகர் குழுக்களிலும், பின்னர் திருமண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் அது இடம் பிடித்தது. கர்நாடக இசையிலும் மின்கருவி நுழைந்துவிட்டது. 2014ஆம் ஆண்டு மறைந்த யு. ஸ்ரீநிவாஸ் கையில் இருந்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலின்.

பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும்தான். காந்தம் அருகிலுள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளை ஊடுருவும் காந்தப்பாயம் மாறுகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படும் என்பது 1831இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மை. இதில் கம்பியின் நுண்மைதான் வியப்பு. விட்டம் சுமார் 0.063 மில்லிமீட்டர், அதாவது தலைமுடி அளவு. அதை ஒரு சுருளில் ஏறத்தாழ 5000 சுற்று சுற்றுகிறார்கள்.

இராமன் ஆராய்ந்த கணு விதி இங்கேயும் வருகிறது. மீட்டும் இடத்துக்குச் சொன்னது கேட்கும் இடத்துக்கும் பொருந்தும். 22 கட்டைகள் கொண்ட கிதாரில் கழுத்தருகே உள்ள பிக்கப், திறந்த தந்தியின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கை ஒட்டி அமைகிறது. நான்காம் சுரத்துக்கு அந்த இடம் கணு. ஆகவே அச்சுரத்தைக் கழுத்துப் பிக்கப் அநேகமாகக் கேட்பதே இல்லை. குதிரையருகே உள்ள பிக்கப் கேட்கிறது. ஒரே தந்திக்கு இரண்டு குரல் வருவதற்கு முதற்காரணம் இதுவே. மூடியெல்லாம் இதற்குப் பின்புதான்.

மூடி வந்த கதை

சுருள் என்றால் அது ஆன்டெனாவும் ஆகும். நமது மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மின்கம்பி, குழல்விளக்கு, மின்மாற்றி எல்லாம் பரப்பும் 50, 100 ஹெர்ட்ஸ் அலைகள் சுருளில் புகுந்து 'உம்ம்ம்' என்ற உறுமலாக ஒலிபெருக்கியில் வெளிப்படும். இதைக் குறைக்க அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்ற பொறியாளர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை அமைத்தார். ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாகச் சுற்றி இணைத்த இரு சுருள்களில் வெளியிலிருந்து வரும் உறுமல் எதிரெதிராகி அழியும். காந்தத் துருவங்களும் மாற்றி வைக்கப்பட்டிருப்பதால் தந்தியின் ஒலி மட்டும் கூடும். இதற்கான காப்புரிமை 1959இல் வழங்கப்பட்டது.

காந்தப்புலத்தால் வரும் உறுமலுக்கு இரட்டைச் சுருள் மருந்து. மின்புலத்தால் வருவதற்கோ அது போதாது. அதற்குச் சுருளைச் சுற்றிப் புவியிணைப்புப் பெற்ற உலோகக் கூடு வேண்டும். 1836இல் பாரடே ஓர் அறை அளவுக்குச் செய்து காட்டினாரே, அந்தக் கூண்டுதான் கிதாரில் மூடியாகச் சுருங்கி அமர்ந்திருக்கிறது. எனவே மூடி வெறும் அழகுக்காக என்று சொல்வது பிழை.

எந்த உலோகத்தில் மூடி செய்வது? லவர் முதலில் துருப்பிடிக்காத எஃகில், அதாவது நம் வீட்டு எவர்சில்வரில் செய்து பார்த்தார். அதில் பற்று வைப்பது பெரும்பாடு. பற்று வைக்காமல் மூடிக்குப் புவியிணைப்புக் கொடுப்பது எப்படி? முடிவில் அவர் தேர்ந்தது ஜெர்மன் சில்வர். பெயரில் வெள்ளி இருந்தாலும் பொருளில் வெள்ளி இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த கலவை. பித்தளை மலிவு, வளைப்பதற்கும் பற்று வைப்பதற்கும் எளிது. அதை விட்டு இதை ஏன் தேர்ந்தார் என்ற வினாவுக்குள்தான் நம் விடை முழுவதும் இருக்கிறது.

தாம்பாளச் சோதனை

ஆய்வகத்தில் செப்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் அது மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. எனினும் நகரும் காந்தம் குழாயில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டங்கள் லென்ஸ் விதிப்படி தம்மைத் தோற்றுவித்த மாற்றத்தையே எதிர்க்கின்றன. இதையே வீட்டில் செய்யலாம். பழுதான கணினி ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்த ஒரு காந்தத்தை நூலில் கட்டி ஊசலாக ஆட்டினேன். மரப்பலகையின் மேல் அது நெடுநேரம் ஆடியது. கீழே அலுமினியத் தட்டை வைத்ததும் சேற்றில் மாட்டிய காலைப்போல் ஓரிரு ஆட்டத்தில் அடங்கியது. பித்தளைத் தாம்பாளத்தின் மேல் அதைவிடச் சற்று நேரம் ஆடியது. ஜெர்மன் சில்வர் தாம்பாளத்தின் மேலோ, கீழே ஒன்றும் இல்லாததுபோல் ஏறக்குறைய முன்போலவே ஆடிக்கொண்டிருந்தது. பூசைத் தாம்பாளத்தின் மேல் நூலில் எதையோ கட்டி ஆட்டுவதைப் பார்த்து, யாருக்குத் திருஷ்டி கழிக்கிறாய் என்று அம்மா கேட்டதையும் குறிப்பிட வேண்டும். தட்டுகளின் தடிமன் ஒன்றல்ல. ஆதலால் இதைத் துல்லியமான அளவீடு என்று சொல்லேன். ஆயினும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது.

காரணம் மின்தடை எண். செம்புக்கு அது சுமார் 1.7, பித்தளைக்கு 6 முதல் 7, ஜெர்மன் சில்வருக்கு ஏறத்தாழ 30, துருப்பிடிக்காத எஃகுக்கு ஏறத்தாழ 70. எல்லாம் நூறு கோடியில் பத்து ஓம்-மீட்டர் என்ற அலகில். தடை மிகுந்தால் சுழல் மின்னோட்டம் குறையும். பித்தளை மூடியில் ஓடுவதில் நான்கில் ஒரு பங்கும் ஜெர்மன் சில்வர் மூடியில் ஓடாது.

இப்போது ஊசலை விட்டுத் தந்திக்கு வருவோம். தந்தியின் அதிர்வால் மாறும் பாயம் மூடியைக் கடந்தே சுருளை அடைய வேண்டும். மூடியின் மேற்பரப்பிலும், சுருளைச் சுற்றி நிற்கும் அதன் பக்கச் சுவர்களிலும் சுழல் மின்னோட்டம் எழுகிறது. மின்மாற்றியின் இரண்டாம் சுருளை ஒரே சுற்றாக்கி இரு முனைகளையும் சேர்த்துவிட்டால் எப்படியோ அப்படி. இதில் வீணாகும் திறன் அதிர்வெண்ணின் இருமடிக்கு நேர்த்தகவில் உயரும் என்பதைக் கவனியுங்கள். 100 ஹெர்ட்ஸில் ஒன்று என்றால் 3000 ஹெர்ட்ஸில் அது 900. தாழ்ந்த சுரங்கள் மூடியைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்கின்றன. உச்ச மேற்சுரங்களே சுங்கம் கட்டுகின்றன. பித்தளை மூடியுள்ள கிதார் சற்று மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலிப்பதற்கு இதுவே காரணம். ஜெர்மன் சில்வரில் அச்சுங்கம் மிகச் சிறிது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் விற்பவை எல்லாம் அக்கலவையே என்று நம்பவேண்டாம். பித்தளையின் மேல் வெள்ளைப் பூச்சாகவும் இருக்கலாம். மலிவான கிதார்களின் மூடிகளும் அப்படியே. பூச்சு மைக்ரோமீட்டர் கணக்கில் இருப்பதால் அது ஒலியை மாற்றுவதில்லை, ஆளை மட்டும் ஏமாற்றுகிறது. மூடியின் உட்புற விளிம்பில் ஊசியால் மெல்லச் சுரண்டிப் பார்த்தால் மஞ்சள் தெரிவது பித்தளை. பெரிய கடைவீதியில் பாத்திரம் வாங்கும் நம் தாய்மார்களுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

மூடி இன்னொரு வகையிலும் குறுக்கிடுகிறது. சுருளுக்குத் தன் மின்தூண்டல் உண்டு. சுருளின் சுற்றுகளுக்கு இடையிலும் கிதாரிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் கேபிளிலும் மின்தேக்குத் திறன் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒத்ததிர்வுச் சுற்று. அந்த ஒத்ததிர்வு அதிர்வெண்ணை ஒட்டிய மேற்சுரங்கள் தூக்கலாக வரும்; அதற்கு மேலுள்ளவை விரைவாக மங்கும். கிதாரின் குரல் பெரும்பாலும் இந்த ஒரே எண்ணில் அடங்கியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, தன் மின்தூண்டல் 4.4 ஹென்றி, சுருளின் மின்தேக்குத் திறன் 150 பிக்கோ ஃபாரட், மீட்டருக்கு 150 பிக்கோ ஃபாரட் வீதம் 3 மீட்டர் கேபிளுக்கு 450 என்று கொள்வோம். மொத்தம் 600. நாம் மனப்பாடம் செய்த சூத்திரத்தில் இட்டால் ஒத்ததிர்வு அதிர்வெண் சுமார் 3100 ஹெர்ட்ஸ். நம் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி இதுவே. புவியிணைப்புப் பெற்ற மூடி சுருளோடு சேர்ந்து இன்னொரு மின்தேக்கி ஆகிறது. அதனால் 50 பிக்கோ ஃபாரட் கூடுவதாக வைத்துக்கொண்டால் 3100 என்பது ஏறத்தாழ 2980 ஆகும். கூர்ந்து கேட்பவர் உணரலாம், மற்றவர் உணரார்.

இனி மூடியை மறந்துவிட்டு, திருவிழா மேடையில் இடுவதுபோல் 10 மீட்டர் கேபிளை இடுங்கள். மொத்த மின்தேக்குத் திறன் 1650 ஆகி, ஒத்ததிர்வு 1870 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது! மூடி எடுத்துக்கொள்வது 120, கேபிள் எடுத்துக்கொள்வது 1200க்கும் மேல். மூடியைக் கழற்றுவதா வேண்டாமா என்று மணிக்கணக்காக வாதிட்டுவிட்டுக் கிடைத்த கேபிளைச் செருகி வாசிப்பது, ஆனையை விட்டு அங்குசத்துக்கு வழக்காடுவது போன்றது.

மூடியைக் கழற்றியவுடன் சத்தம் கூடியதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மூடியின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அது போனபின் பிக்கப்பைத் திருகி இன்னும் சற்றுத் தந்தியருகே உயர்த்த இடம் கிடைக்கிறது. பலர் உயர்த்தவும் செய்கிறார்கள். காந்தப்புலம் தொலைவோடு வெகு விரைவாகக் குறைவது; மில்லிமீட்டர் நெருங்கினாலும் ஒலி உயரும். புகழ் மட்டும் கழற்றிய மூடிக்குப் போகிறது.

1960களின் நடுவில் இங்கிலாந்தின் ராக் கலைஞர்கள் சிலர் மூடிகளைக் கழற்றியதில் நியாயம் இருந்தது. பெருக்கியைப் பேரோசையில் வைத்து வாசிக்கும்போது தளர்ந்த மூடி தானே அதிர்ந்து, அவ்வதிர்வு சுருளுக்குப் போய், மறுபடி பெருக்கிக்குச் சென்று காதைத் துளைக்கும் கீச்சொலியாக மாறும். ஆனால் இதற்கு மூடியைக் கழற்றுவதுதான் வழி என்பதில்லை. உருக்கிய பாரஃபின் மெழுகில் பிக்கப்பை முக்கி எடுத்தால் மூடிக்கும் சுருளுக்கும் இடையே மெழுகு புகுந்து அசைவை நிறுத்திவிடும். மெழுகுவர்த்தி விலைதான் செலவு. நேரடியாக அடுப்பில் மெழுகை உருக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தே உருக்க வேண்டும். மெழுகு தீப்பிடிக்கும், அளவு மீறிய சூட்டில் சுருளின் பிளாஸ்டிக் சட்டமும் உருகும்.

உறுமலும் உயிரும்

என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது மேற்சொன்னவற்றில் எதுவும் அன்று. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் ஒரு மெல்லிசைக் குழு வந்திருந்தது. கிதார் வாசித்த அண்ணன் பிக்கப்பின் மூடியைக் கழற்றியிருந்தார். சுற்றிலும் குழல்விளக்குத் தோரணம், பக்கத்தில் ஜெனரேட்டர். உறுமல் தாளவில்லை. தந்தியைத் தொட்டால் குறைகிறது, விட்டால் கூடுகிறது. இடைவேளையில் அவர் சொன்னார்: "மைக்கில் உதடு பட்டால் சுர்ரென்கிறது தம்பி, பழகிவிட்டது." பெருக்கியின் பிளக்கைப் பார்த்தேன். மூன்று ஊசிகளில் மேலே உள்ள தடித்த ஊசி இல்லை. பந்தலில் இரண்டு துளைப் பலகைதான் கிடைத்தது என்றும், அந்த ஊசியை எடுத்தால் உறுமலும் கொஞ்சம் குறைகிறது என்றும் விளக்கம் கிடைத்தது.

நண்பர்களே, அந்தத் தடித்த ஊசிதான் புவியிணைப்பு. மற்ற இரண்டையும்விட அது நீளமாக இருப்பதன் நோக்கம், செருகும்போது முதலில் இணைந்து, உருவும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதே. கிதாரின் தந்திகள், மூடி, பெருக்கியின் உடல் ஆகிய எல்லாம் ஒரே கம்பியால் இணைந்து அந்த ஊசி வழியாகவே மண்ணை அடைகின்றன. ஊசி இல்லாத நிலையில் பெருக்கிக்குள் ஒரு கம்பி உறை கிழிந்து உடலைத் தொட்டால், 230 வோல்ட் நேரே தந்திக்கு வந்துவிடும். தந்தியைப் பிடித்த கை ஒரு முனை, வேறோர் இணைப்பில் புவியோடு சேர்ந்துள்ள மைக்கில் பட்ட உதடு மறுமுனை. நடுவில் இருப்பது இதயம். வியர்த்த உடலின் தடையை 1000 ஓம் என்று கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். நூறுக்கும் குறைந்த மில்லி ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும். இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1972ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்ஸீ நகர மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி கையில் கிதாரோடு, முறையாகப் புவியிணைப்பு இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார்.

உறுமலை நீக்க வழிகள் உண்டு. மூடியை மீண்டும் பொருத்தி, பிக்கப்பின் அடித்தகட்டோடு பற்று வைக்கலாம். மின்புல உறுமல் அதிலேயே பெரும்பாலும் அடங்கும். மின்மாற்றியிலிருந்து வரும் காந்தப்புல உறுமலை மூடி தடுக்காது. 50 ஹெர்ட்ஸ் புலம் செம்பிலேயே 9 மில்லிமீட்டர் ஆழம் வரை புகும். அரை மில்லிமீட்டர் ஜெர்மன் சில்வர் அதற்குத் திரைச்சீலைகூட அன்று. அதற்கு இரட்டைச் சுருள் பிக்கப் வேண்டும், அல்லது வாசிப்பவர் சற்றுத் திரும்பி நின்றாலே குறையும். பெருக்கி, மிக்சர், மைக் எல்லாவற்றையும் புவியிணைப்புள்ள ஒரே பலகையிலிருந்து எடுப்பது நல்லது. அந்தப் பலகைக்கு முன் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மாட்டச் சொல்லி பந்தல் எலக்ட்ரீஷியனிடம் கேட்கலாம். அவர்களுக்குத் தெரிந்த பொருள்தான். கேட்பவர் இல்லாததால் மாட்டுவதில்லை. அந்த அண்ணனின் பிளக்கில் மறுநாள் மூன்றாவது ஊசி வந்துவிட்டது. மூடி எங்கோ தொலைந்துவிட்டதாம்.

வீணைக்குப் பிக்கப்

வீணைக்கும் இதே காந்தப் பிக்கப்பைப் பொருத்தலாமே என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். பொருத்தலாம். ஆனால் வீணையின் சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் மரபாகப் பித்தளை. பித்தளையைக் காந்தம் காந்தமாக்குவதில்லை. ஆகவே மேலிரண்டு தந்திகள் மேடையதிர ஒலிக்க, கீழிரண்டும் ஊமையாகிவிடும். எஃகு நடுக்கம்பியின்மேல் வேறு உலோகம் சுற்றிய தந்தியை மாட்டினால் அவையும் பேசும். அதனால்தான் வீணைக்குக் காந்தத்தை விட்டு, பலகையின் அதிர்வை நேரே மின்னாக்கும் ஒட்டு பிக்கப்பைப் பெரிதும் நாடுகிறார்கள். அதற்குத் தந்தி எந்த உலோகம் என்ற கவலை இல்லை. இராமன் ஆராய்ந்த குதிரைத் தகட்டின் வேலையும் பலகை வழியே அதற்குக் கேட்கிறது. காந்தப் பிக்கப்போ தான் இருக்கும் இடத்தில் தந்தி எவ்வாறு ஆடுகிறது என்பதை மட்டுமே அறியும். குடத்தின் குரல் அதற்கு எட்டாது.